கண்மாய் எந்தப் பிரிவில் இருக்கிறது?

ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் ஒரு சட்டம் வந்தது. மதுரை மாவட்டத்தில் மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை, கண்மாய்க்குள் (ஏரிக்கு இங்கே அதுதான் பெயர்) வீடு முளைக்கிறது, வரத்துக்கால்வாயை யாரோ மூடிவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தால் அந்தச் சட்டத்தின் பெயரை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அதன் வரையறைப் பிரிவைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அங்கே ‘ஏரி’ என்றால் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலும் பராமரிப்பிலும் இருக்கும் ஏரி. அவ்வளவுதான். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஊருணியும் குளமும் ஊராட்சியின் பொறுப்பு. நூறு ஏக்கர்கூடப் பாயாத சின்னக் கண்மாயை நம்பியிருக்கும் ஊர் இந்தச் சட்டத்தைக் காட்டி மனுக் கொடுத்தால், ‘இது எங்கள் துறைக் கண்மாய் இல்லை’ என்ற பதில் வரும். அப்புறம் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத் தேடி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

அந்த வரையறை வானத்திலிருந்து விழவில்லை. கோட்டையில் ஒரு நாள் சட்டமுன்வடிவாக, அதாவது மசோதாவாக, மேசைக்கு வந்து, குரல் வாக்கில் நிறைவேறிய வரிதான் அது. அன்று அதில் நாலு சொற்களைச் சேர்த்திருந்தால் சின்னக் கண்மாய்களும் உள்ளே வந்திருக்கும். சட்டமன்ற உறுப்பினர் செய்யும் வேலைகளில் மிகக் கனமானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சாலை போடுவதையும் நிழற்குடை கட்டுவதையும் அதிகாரிகளும் செய்யலாம். முன்வடிவில் ஒரு சொல்லை மாற்றச் சொல்லும் உரிமை அந்த 234 பேருக்கு மட்டுமே உண்டு. அதில் பத்துப் பேரை மதுரை மாவட்டம் அனுப்புகிறது. 1991இலிருந்து 2006 வரை அடுத்தடுத்து வந்த மூன்று பேரவைத் தலைவர்களும் இந்த மாவட்டத் தொகுதிகளில் வென்றவர்கள்: சேடபட்டி முத்தையா, பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், கா. காளிமுத்து. பேரவை நடைமுறை நம் ஊருக்கு அந்நியமான விஷயமல்ல.

முன்வடிவின் அச்சுப்படி கைக்கு வந்ததும் பலர் முதலில் படிப்பது கடைசியில் இருக்கும் நோக்க காரண விளக்கவுரையை. அதை முதலில் படிப்பதில் தவறில்லை, அதோடு நிறுத்துவதுதான் தவறு. விளக்கவுரை, துறை தன் முன்வடிவைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட குறிப்பு. சட்டம் நிறைவேறியபின் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ செல்லுபடியாவது பிரிவுகளின் வாசகம்தான். விளக்கவுரையோடு வேறு இரண்டு குறிப்புகளும் வருவதுண்டு. செலவு பிடிக்கும் முன்வடிவில் நிதி பற்றிய குறிப்பு இருக்கும். விதி வகுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கும் முன்வடிவில் அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகிறது என்ற குறிப்பு இருக்கும். இந்த இரண்டாவது குறிப்பை யாரும் படிப்பதில்லை. உண்மையில் எதையெல்லாம் பேரவை முடிவு செய்யாமல் அதிகாரிகளிடம் விடுகிறது என்பதற்கான பட்டியல் அது.

வருகிற முன்வடிவுகளில் பெரும்பாலானவை திருத்த முன்வடிவுகள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். ‘இன்ன சட்டத்தின் இன்ன பிரிவில் இன்ன சொற்களுக்கு மாற்றாக இன்ன சொற்கள் அமைக்கப்படும்’ என்று ஓடும். மூலச் சட்டம் பக்கத்தில் இல்லாமல் இதைப் படிப்பது வீண். உறுப்பினரின் நல்ல உதவியாளர் செய்ய வேண்டியது இது: மூலச் சட்டத்தின் அந்தப் பிரிவை இன்றைய நிலவரப்படி அச்செடுக்க வேண்டும். இடையில் வந்த திருத்தங்களெல்லாம் ஏறிய படியா என்று பார்க்க வேண்டும், பழைய படியை வைத்து வேலை செய்தால் எல்லாமே பிழையாகிவிடும். பிறகு நீக்கும் சொற்களைச் சிவப்பு மையில் அடித்து, சேர்க்கும் சொற்களை மேலே எழுத வேண்டும். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்து, இப்போதுள்ள வாசகம், மாறப்போகும் வாசகம், இதனால் தொகுதியில் யாருக்கு என்ன ஆகும் என்று எழுதிக்கொண்டால் போதும். மூன்றாவது பத்தி காலியாக இருந்தால் இன்னும் படிக்கவில்லை என்று பொருள். தமிழ்ப் படி, ஆங்கிலப் படி இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதும் நல்லது, ஏனென்றால் நாளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதம் நடப்பது ஆங்கில வாசகத்தின்மேல்.

சின்ன முன்வடிவு என்றால் சின்ன விளைவு என்று நினைத்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அவர்களுடைய காலக்கெடுவைச் சின்னச் சின்னத் திருத்தச் சட்டங்கள் திரும்பத் திரும்ப நீட்டின. ஒவ்வொன்றிலும் மாறியது ஒரு தேதியோ ஒரு கால அளவோதான். மதுரை மாநகராட்சிக்கு மறுபடி வார்டு உறுப்பினர்கள் வந்தது 2022 மார்ச்சில், அதாவது ஐந்து ஆண்டுக்கு மேல் கழித்து. தெருவிளக்கு எரியாவிட்டால் சொல்ல ஒரு கவுன்சிலர் இல்லாமல் அத்தனை காலம் மதுரைக்காரர்கள் இருந்தார்கள். அந்த முன்வடிவுகளை ‘வழக்கமான நீட்டிப்பு’ என்று கடந்துபோனவர்கள், எதைக் கடந்துபோகிறோம் என்று பார்க்கவில்லை.

தொடக்கப் பிரிவையும் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று எழுதியிருந்தால், நிறைவேறினாலும் சட்டம் உறங்கலாம். தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இல் நிறைவேறியது. பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டு, திருத்தங்களோடும் விதிகளோடும் 2023 ஏப்ரல் 13 அன்றுதான் செயலுக்கு வந்தது. அதுவரை மதுரைக்கு 1971ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமே ஆண்டுகொண்டிருந்தது. இந்தப் பிரிவில் உறுப்பினர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏன் தேதி போடவில்லை? விதிகள் தயாராகவில்லை என்றால், எப்போது தயாராகும்?

அதிகாரம் யாருக்கு என்ற கேள்வியில்தான் மதுரைக்குப் பாடங்கள் அதிகம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளைச் சொன்னது. இரண்டும் நம் மாவட்டத்தைத் தொட்டவை. ஒன்று ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. மற்றது முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்கத் தமிழ்நாட்டுக்கு இருக்கும் உரிமையை உறுதி செய்தது. இரண்டிலும் விழுந்தது ஒரு மாநிலச் சட்டம்.

பெரியாற்று வழக்கில் விழுந்தது கேரளத்தின் சட்டம். 2006 பிப்ரவரியில் 142 அடிக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி தந்தது. அடுத்த மாதமே கேரளம் தன் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 136 அடி என்று வரம்பு கட்டியது. ஒரு தீர்ப்புக்கு அடிப்படையான சட்டநிலையை மாற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு. இரு தரப்பையும் கேட்டு நீதிமன்றம் கண்டறிந்த முடிவை, அது இல்லாததுபோல் சட்டம் போட்டு அழிக்கும் அதிகாரம் இல்லை. அதனால்தான் கேரளத்தின் திருத்தம் செல்லாமல் போனது. அணை பலமாக இருக்கிறதா என்பது நீதிமன்றம் ஏற்கெனவே தீர்த்த கேள்வி. பெரியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் மேலூர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு அந்த வேறுபாடுதான் கை கொடுத்தது.

ஜல்லிக்கட்டு வழக்கில் விழுந்தது நம்முடைய 2009ஆம் ஆண்டுச் சட்டம். விலங்குவதைத் தடுப்பு, அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் பொதுப் பட்டியலின் 17ஆம் இனம். அதில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றலாம், மாநிலமும் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் 254ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் தன் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி, அவர் இசைவைப் பெற்றிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இசைவு இல்லாமல் தனியாக நின்றது. 1960ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தோடு மோதியபோது தாங்கவில்லை.

2017இல் எழுதியவர்கள் வழியை மாற்றினார்கள். தனிச் சட்டம் போடாமல், மத்தியச் சட்டத்தையே தமிழ்நாட்டளவில் திருத்தினார்கள். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று பேரவையில் முன்வடிவு, 31 அன்று குடியரசுத் தலைவரின் இசைவு. 2, 3, 11, 22, 27 ஆகிய பிரிவுகளைத் தொட்டு, 28-ஏ என்று புதிதாக ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். இத்தனை இடங்களைத் தொட்டதற்குக் காரணம் உண்டு: வரையறையை மட்டும் சேர்த்துவிட்டு, வதை எது என்று சொல்லும் 11ஆம் பிரிவையும் விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்துவது பற்றிய 22ஆம் பிரிவையும் அப்படியே விட்டிருந்தால், ஒரு கதவைத் திறந்து மற்றக் கதவுகளைப் பூட்டிவைத்த கதையாகியிருக்கும். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

அந்தத் திருத்தத்தின் வரையறையையும் ஊர்க்காரர்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும். ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில், மாநில அரசு அறிவிக்கை செய்யும் நாள்களில், அறிவிக்கை செய்யும் இடங்களில் நடப்பதுதான் ஜல்லிக்கட்டு. மஞ்சுவிரட்டும் வடமாடும் எருதுவிடும் விழாவும் அதற்குள் அடக்கம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றும் உலகறிந்த பெயர்கள் என்பதால் அங்கே பிரச்சினை எழுவதில்லை. பக்கத்துச் சின்ன ஊர் ஒன்று, தங்கள் கோயில் மாடு தலைமுறை தலைமுறையாக அவிழ்க்கப்படுகிறது என்று சொன்னாலும், அரசிதழ் அறிவிக்கையில் ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் அங்கே நடப்பது சட்டத்தின் பார்வையில் ஜல்லிக்கட்டே இல்லை. ஜூனில் நடத்த முடியாததற்கும் அந்த வரையறைதான் காரணம். இதையெல்லாம் மாட்டுப்பொங்கலுக்கு முதல் வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் போய்த் தெரிந்துகொள்வது காலம் கடந்த செயல்.

சரி, முன்வடிவில் குறை கண்டாயிற்று. அடுத்தது திருத்த அறிவிப்பு. பேரவை விதிகள் குறிக்கும் கெடுவுக்குள் எழுத்தில் பேரவைச் செயலகத்துக்குக் கொடுக்க வேண்டும். கருத்தாக எழுதினால் ஏற்கமாட்டார்கள், வாசகமாக எழுத வேண்டும். ‘சிறு கண்மாய்களையும் இச்சட்டம் காக்க வேண்டும்’ என்பது மேடைப் பேச்சு. ‘வரையறைப் பிரிவில் இன்ன வரியில் “பொதுப்பணித் துறையின்” என்ற சொல்லை அடுத்து “அல்லது ஊராட்சி ஒன்றியத்தின் அல்லது ஊராட்சியின்” என்ற சொற்களைச் சேர்க்க’ என்பது திருத்தம்.

இப்படி எழுதியும் திருத்தங்கள் அடிபடுவதற்குச் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முன்வடிவு மூலச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவை மட்டும் திறக்கிறது, உறுப்பினர் பன்னிரண்டாம் பிரிவைத் திருத்தக் கேட்கிறார். அது முன்வடிவின் எல்லைக்கு வெளியே என்று தள்ளுபடியாகும். ஒரு பிரிவையே வேண்டாம் என்பவர், அதை எதிர்த்து வாக்களிக்கலாமே தவிர, வேண்டாம் என்பதைத் திருத்தமாகக் கொடுக்க முடியாது. இன்னொன்று தொடர் திருத்தம். ஒன்றியக் கண்மாயை வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டு, நடவடிக்கை எடுக்கும் அலுவலர் பொதுப்பணித் துறைக்காரர் என்று கீழே இருப்பதை மாற்றாமல் விட்டால், காவலுக்கு ஆள் இல்லாத சட்டம்தான் கிடைக்கும். அலுவலர் யார், அளந்து எல்லை குறிப்பவர் யார், மேல்முறையீடு யாரிடம் என்று ஒவ்வொரு பிரிவாகப் பின்தொடர்ந்து போய் எல்லா இடத்திலும் திருத்தம் கொடுக்க வேண்டும்.

செலவு இன்னொரு தடை. அரசின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் முன்வடிவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் பேரவை நிறைவேற்ற முடியாது என்கிறது அரசியலமைப்பின் 207ஆம் பிரிவு. ஆயிரக்கணக்கான சிறு கண்மாய்களை அளக்க அரசைக் கட்டாயப்படுத்தும் திருத்தத்தைத் தனி உறுப்பினர் கொடுத்தால் இங்கே இடிக்கும். அனுபவமுள்ளவர்கள் வேறு மாதிரி எழுதுவார்கள்: ‘அரசு அறிவிக்கை மூலம் குறிப்பிடும் பிற நீர்நிலைகளும்’. இதில் உடனடிச் செலவு இல்லை, அதிகாரம் மட்டும் உருவாகிறது. பின்னால் ஒவ்வொரு கண்மாயாக அறிவிக்கை கேட்டுப் போராட ஒரு பிடி கிடைக்கும். முழுதாகக் கிடைக்காத இடத்தில் இதைக் கேட்பதே மேல்.

ஆளுங்கட்சி உறுப்பினருக்கு நிலைமை வேறு. கட்சித்தாவலைத் தடுக்க 1985இல் அரசியலமைப்பில் வந்த பத்தாம் அட்டவணைப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம். எனவே அவர் வேலை வாக்கெடுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்: துறைச் செயலரிடம், அமைச்சரிடம், கட்சியின் சட்டமன்ற உறுப்பினர் கூட்டத்தில். அரசே கொண்டுவரும் திருத்தமாக அதை மாற்றிவிட்டால் வெற்றி. பெயர் கிடைக்காது, காரியம் நடக்கும்.

2023 ஏப்ரல் 21ஐ எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி வரை கொண்டுபோக இடம் தரும் திருத்தம் அன்று குரல் வாக்கில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர் வரைக்கும் அது என்ன செய்யும் என்று தொழிற்சங்கங்கள் உடனே எடுத்துச் சொன்னதால் 24ஆம் தேதியே நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். அதே ஏப்ரல் 21 அன்று சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு முன்வடிவும் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டப் பரப்புக்குள் நீர்நிலை இருந்தால், அந்த நிலத்தை எப்படித் திட்டத்தோடு சேர்ப்பது என்று சொல்லும் சட்டம் அது. கண்மாயும் வாய்க்காலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நம் மாவட்டத்தில் 100 ஹெக்டேர் பரப்பை எங்கே எடுத்தாலும் ஒரு நீர்நிலை அகப்படும். உழவர் அமைப்புகளின் எதிர்ப்பு வலுத்தபோது அது நிறைவேறி முடிந்திருந்தது. சம்பளத்தையும் நேரத்தையும் தொடுவதற்குச் சங்கம் விழித்திருந்தது. கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் ஓடும் பாதையைத் தொடுவதைப் படிக்க அன்று யாரிடமும் ஒரு நாள் அவகாசம்கூட இல்லை. அறிமுகமாகும் நாளுக்கும் ஆய்வுக்கு எடுக்கும் நாளுக்கும் இடையே சில நாளாவது இடைவெளி வேண்டும் என்று எந்தக் கட்சி உறுப்பினரும் கேட்கலாம். முன்வடிவை ஆராயும் உறுப்பினர் குழுவான தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கேட்கவும் உரிமை உண்டு. துறைவாரிச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் முடியும் கடைசி நாள்களில் முன்வடிவுகளைக் குவித்து நிறைவேற்றும் பழக்கம் எந்த ஆட்சியிலும் நல்ல பழக்கமல்ல.

பேச நேரம் கிடைத்தால் சில நிமிடம்தான். பாதியை நன்றி சொல்வதில் கழிக்காமல், ஒரு பிரிவு எண், தொகுதியிலிருந்து ஓர் உண்மை, அமைச்சரிடம் ஒரு கேள்வி என்று முடிக்க வேண்டும். திருத்தம் தோற்றாலும் அமைச்சரின் பதில் அவைக்குறிப்பில் ஏறும். ‘ஒன்றியக் கண்மாய்களுக்கும் இது பொருந்தும்படி விதி செய்யப்படும்’ என்று அவர் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. நிறைவேறாவிட்டால் அரசு உறுதிமொழிக் குழு அதைக் கேள்வி கேட்கும். ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலோடு உட்கார்ந்துவிடாமல், எந்த மாதத்துக்குள் என்று எழுந்து கேட்பவரே வேலை தெரிந்தவர்.

தீர்மானத்தையும் சட்டத்தையும் ஒன்றாக எண்ணும் மயக்கமும் நிறைய இருக்கிறது. மேலூர் அருகே நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்யக் கோரி 2024 டிசம்பர் 9 அன்று பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. அரிட்டாபட்டி மக்கள் கொண்டாடினார்கள், அது நியாயம். ஆனால் அது கோரிக்கைதான், யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. டங்ஸ்டன் போன்ற கனிமங்களின் ஏல அதிகாரத்தை 2023இல் வந்த நாடாளுமன்றத் திருத்தம் மத்திய அரசிடம் கொடுத்துவிட்டது. ஆகவே தீர்மானத்தோடு மக்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் கொடுத்த அரசியல் பலமும் மக்கள் நடையும் சேர்ந்து செய்த காரியம் அது.

நிறைவேறிய முன்வடிவு ஆளுநரிடம் போகும். அவர் இசைவு தரலாம், நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். பண முன்வடிவு அல்லாததைத் திருப்பி அனுப்பவும் செய்யலாம். திரும்பி வந்ததைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் இசைவை மறுக்க முடியாது என்கிறது 200ஆம் பிரிவு. 2023 நவம்பர் 18 அன்று பத்து முன்வடிவுகளைச் சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றியது அந்தப் பிரிவை நம்பித்தான். அதன் பின்னான வழக்குகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. பேரவை கலைந்தால் நிலுவையில் உள்ள முன்வடிவு காலாவதியாகும் என்பதையும், நிறைவேறி இசைவுக்குக் காத்திருப்பது காலாவதியாகாது என்பதையும் ஆட்சிக்காலத்தின் கடைசி ஆண்டில் நினைவில் வைக்க வேண்டும்.

சட்டம் அரசிதழில் வந்தபின் விதிகள் வரும். பல சட்டங்களில் வரைவு விதிகளை முன்கூட்டி வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும் என்று இருக்கும். அந்த அவகாசம் ஓசையில்லாமல் கடந்துபோகும். கண்மாய்ப் பாசனதாரர்கள் சங்கம் உறுப்பினருக்குக் கொடுக்க வேண்டியது மாலையோ பொதுவான மனுவோ அல்ல. புல எண், நில விவரம் உள்ள அ-பதிவேட்டு நகல், புலப்பட நகல், ஆயக்கட்டு எவ்வளவு, நிறைந்த நீர் வெளியேறும் கலுங்கு எங்கே, எந்தத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு இடிக்கிறது, அதற்கு மாற்றாக என்ன வாசகம் வேண்டும்: ஒரே பக்கத்தில் இவ்வளவும். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன் ஒரு படி உறுப்பினருக்கு, ஒரு படி அவர் உதவியாளருக்கு. விதி வரைவு அரசிதழில் வரும் நாளில் அதே பக்கத்தை ஆட்சேபணையாகத் துறைச் செயலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைச் சங்கத்துக் கோப்பில் வைக்க வேண்டும்.